வலவனும் நோக்கரும்

சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறியில் ஏறிப் பறந்ததை ஓர் அற்புத நிகழ்ச்சியாக வாசித்துக் கடந்துவிடுவதே நம் வழக்கம். ஆனால் திருத்தக்கதேவர் அதை அற்புதமாகச் சொல்லவில்லை. அரசி கண்ட தீக்கனாவைக் கேட்டு அஞ்சிய சச்சந்தன், கைவினைஞன் ஒருவனைக் கொண்டு மயில் வடிவில் ஒரு பொறியைச் செய்விக்கிறான். பிறகு அதனை இயக்குவதற்கு அவளுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. வலப்புறம் முறுக்கினால் மேலெழும், இடப்புறம் முறுக்கினால் தரை இறங்கும் என்று அதன் இயக்கமுறைகூடக் காப்பியத்தில் பதிவாகியிருக்கிறது. கட்டியங்காரன் அரண்மனையைச் சூழ்ந்தபோது கருவுற்ற அரசி அதில் ஏறித் தப்புகிறாள். பகைவனின் வெற்றி முரசம் காதில் விழுந்ததும் மயங்கிச் சாய்கிறாள். பொறி சுடுகாட்டில் போய் இறங்குகிறது.

பொறி பழுதுபடவில்லை, பயிற்சியிலும் குறையில்லை. எங்கே இறங்குவது என்று பார்த்துச் சொல்ல அருகில் ஒருவர் இல்லை, அவ்வளவுதான். பழந்தமிழில் தேரைச் செலுத்துபவனுக்கு வலவன் என்று பெயர். வலவனைப் பற்றி நம் இலக்கியம் நிறையவே பேசியிருக்கிறது. அவன் பக்கத்தில் அமர்ந்து நிலத்தைப் பார்ப்பவனுக்கு நம்மிடம் தனிப்பெயர் இல்லை. காவல்துறை ஹெலிகாப்டர்களின் வரலாற்றைப் படிக்கும்போது, அந்தப் பெயரற்ற இரண்டாம் ஆள்தான் அதன் உண்மையான கதைமாந்தர் என்று தோன்றுகிறது. மேலைநாட்டார் அவரை ஏர் அப்சர்வர் என்றனர். இக்கட்டுரையில் நோக்கர் என்று அழைக்கிறேன்.

*

உயரத்திலிருந்து காவல் பார்ப்பது நமக்குப் புதிதன்று. குறிஞ்சித் திணையின் தினைப்புனக் காவல் முழுவதும் பரண்மேல் நடப்பது. தரையில் நிற்பவளுக்குத் தன்முன் உள்ள கதிர் மட்டுமே தெரியும். பரண்மேல் இருப்பவளுக்குக் கிளிக்கூட்டம் எத்திசையிலிருந்து இறங்குகிறது என்பதும் தெரியும். ஆயினும் பரண் அந்தப் புனத்துக்கு உரியது, அதில் இருப்பவள் அந்த ஊர்க்காரி. எந்த மேட்டில் பன்றி புகும், எந்தப் பாறை இடுக்கில் யானைத்தடம் உண்டு என்பதை அவள் ஏறுவதற்கு முன்பே அறிவாள். உயரம் அவளுக்குப் புதிய அறிவைத் தருவதில்லை. உள்ள அறிவை ஒரே பார்வையில் விரித்துக் காட்டுகிறது.

திருநெல்வேலிச் சீமையின் பழைய காவல் முறையும் இதே அடிப்படையில் நின்றதுதான். தேசகாவல், ஸ்தலகாவல் என்று பாளையக்காரர்களின் பொறுப்பில் இருந்த அம்முறையில், களவு போன பொருளை மீட்டுத் தருவதும், முடியாவிட்டால் ஈடு செய்வதும் காவல்காரரின் கடமை. அம்முறையில் கொடுமைகளும் இருந்தன. காவற்கூலி என்ற பெயரில் நடந்த வசூலைக் கும்பினியாரின் ஆவணங்கள் மட்டுமல்ல, ஊர்க்கதைகளும் சொல்லும். பாளையங்கள் ஒடுக்கப்பட்டபின் காவல் அரசின் கைக்குச் சென்றது. சென்னை மாகாணத்திற்கான 1859ஆம் ஆண்டுச் சட்டம் சீருடை அணிந்த, இடமாற்றத்துக்கு உட்பட்ட காவல்துறையை உருவாக்கியது. நிலத்தை அறிந்தவரிடமிருந்து காவல், ஆணையை அறிந்தவரிடம் மாறியது. இதில் கிடைத்த நன்மைகள் பல. இழந்தது அந்தப் பரண்காரியின் அறிவு.

ஸ்ரீவைகுண்டத்தின் தலபுராணமே ஒரு காவல் கதை என்பதை இங்கே நினைவுகூரலாம். காலதூஷகன் என்ற கள்ளன் கொள்ளையில் பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்துவந்தான். அரண்மனைக் களவில் அவனுடைய கூட்டாளிகள் பிடிபட்டபோது, பெருமாளே அவன் வடிவெடுத்து அரசன்முன் போய் நின்றார் என்பது ஐதிகம். கள்ளபிரான் என்ற திருநாமம் அதனால் வந்தது. பிடிக்கும் கண்ணுக்கும் காக்கும் கண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசும் இக்கதை, நாம் பார்க்கப்போகும் வரலாற்றுக்கும் பொருந்தும்.

*

வானிலிருந்து நோக்குவது ஒரு தொழிலாகப் பிறந்தது போர்க்களத்தில். 1794ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று ஃப்ளூரஸ் என்ற இடத்தில் பிரெஞ்சுப் படையினர், கயிற்றால் கட்டப்பட்ட பலூனில் ஒருவரை உயர்த்தி எதிரியின் நகர்வுகளைக் கண்டு சொல்ல வைத்தனர். அங்கே செலுத்துபவரே இல்லை; நோக்கர் மட்டும் இருந்தார். வலவனுக்கு முன்பே நோக்கர் வானேறிவிட்டார் என்பது கவனிக்கத்தக்கது.

முதல் உலகப்போரில் இருவர் அமரும் விமானங்கள் வந்தன. ஜெர்மானியப் படையில் தொடக்க காலத்தில் நோக்கரே அதிகாரி. விமானத்தைச் செலுத்துபவர் பலவேளைகளில் அவருக்குக் கீழ்ப்பட்ட படைவீரர், ஏறக்குறைய தேரோட்டி. வீரர்களின் பேச்சில் செலுத்துபவருக்கு எமில் என்றும் நோக்கருக்கு ஃப்ரான்ஸ் என்றும் பட்டப்பெயர். வழிகாட்ட வேண்டிய ஃப்ரான்ஸ் வழிதவறினால் விமானமே தவறிப்போகும் அல்லவா? வழிதவறுவதைக் குறிக்க அந்தப் பெயரிலிருந்தே பிறந்த ஒரு வினைச்சொல் இன்றும் ஜெர்மன் மொழியில் வழங்குகிறது.

அந்தப் போரில் பிரிட்டிஷ் வான்படையில் நோக்கராக இருந்த ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட் பின்னாளில் தொல்லியலாளர் ஆனார். புதைந்த அகழியின்மேல் பயிர் செழித்து வளரும். புதைந்த சுவரின்மேல் வாடிக் குறுகும். தரையில் நிற்பவருக்கு அது வெறும் வயல். மேலிருந்து பார்ப்பவருக்கோ ஒரு பழைய குடியிருப்பின் வரைபடம். இவ்வகையில் அவர் எடுத்த படங்கள் 1928இல் நூலாக வந்து வான்வழித் தொல்லியலுக்கு அடித்தளமிட்டன. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகில் ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த காலத்தில், அதாவது 1899 முதல் 1905 வரையிலான ஆண்டுகளில், இந்தக் கலை பிறந்திருக்கவில்லை. தாழிகளைக் காலால் நடந்தே தேடினர். கிராஃபோர்டின் எடுத்துக்காட்டு ஒன்றைத் தெளிவாக்குகிறது. வானிலிருந்து பார்ப்பது என்பது பார்ப்பதன்று, வாசிப்பது. மொழி தெரியாதவனுக்கு எழுத்து எப்படி வெறும் கோடோ, அப்படித்தான் நிலம் அறியாதவனுக்கு வான்காட்சியும்.

*

காவல்துறை இந்தக் கலையைக் கைக்கொண்டது போருக்குப் பிறகு. 1921இல் லண்டன் காவல்துறையினர் எப்சம் குதிரைப் பந்தயத்துக்குத் திரண்ட வாகன நெரிசலை ஆர்-33 என்ற வான்கப்பலிலிருந்து கண்காணித்துப் பார்த்தனர். 1930களில் ஹெலிகாப்டரின் முன்னோடியான ஆட்டோஜைரோ அதே வேலைக்குப் பயன்பட்டது. நியூயார்க் காவல்துறை 1929இல் வான்பிரிவைத் தொடங்கி, 1948இல் ஹெலிகாப்டருக்கு மாறியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல்துறை 1956இல் ஹெலிகாப்டர் வாங்கியது. அதே மாவட்டத்தின் லேக்வுட் நகரில் 1966இல் தொடங்கிய ஸ்கை நைட் என்னும் திட்டம், ஹெலிகாப்டரை அழைத்தால் வரும் ஊர்தி என்ற நிலையிலிருந்து, ரோந்து சுற்றும் ஊர்தியாக மாற்றியது.

இதில் நோக்கரின் வேலை என்ன? பிரிட்டனின் நடைமுறை எளிதில் விளங்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 முதல் தேசியக் காவல் வான்சேவை என்ற ஒரே அமைப்பு இயங்குகிறது. வழக்கமாக ஓர் ஊர்தியில் மூவர். வலப்பக்க இருக்கையில் விமானி. அவர் காவலர் அல்லர், பணிக்கு அமர்த்தப்பட்ட குடிமகன், பெரும்பாலும் முன்னாள் படைவீரர். மற்ற இருவரும் காவல்துறையினர். ஒருவர் முன்னிருக்கையில் வெப்பப்படக் கருவியை இயக்குவார். மற்றவர் பின்னாலிருந்து வரைபடத்தையும் வானொலியையும் கவனித்து, தரையில் ஓடும் காவலர்களுக்கு வழிசொல்வார். ஊர்தியின் பாதுகாப்பில் விமானியின் சொல்லே முடிவு. எங்கே போவது, எதைப் பார்ப்பது என்பது நோக்கர்களின் பொறுப்பு.

நோக்கராக விரும்பும் காவலர் முதலில் தரையில் சில ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். பிறகு தேர்வு. வரைபடத்தைச் சுழலும் ஊர்தியில் வைத்துப் படிக்க முடிகிறதா, குமட்டல் வருகிறதா, மூன்று பேச்சுகளை ஒரே நேரத்தில் கேட்டு ஒன்றுக்குப் பதில் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறார்கள். உடல் எடைக்கும் வரம்பு உண்டு. ஒவ்வொரு கிலோவும் எரிபொருளிலிருந்து கழிக்கப்படுவது. ஊர்தி நீரில் விழுந்து கவிழ்ந்தால் இருக்கைப் பட்டையை அவிழ்த்து வெளியேறும் பயிற்சியும் உண்டு. அமெரிக்க நகரங்களில் வேறொரு மரபு. லாஸ் ஏஞ்சல்ஸில் விமானியும் காவலரே. தெருவில் ரோந்து சுற்றியவர் நோக்கராகி, நோக்கராக இருந்தவர் விமானியாகலாம். நிலத்திலிருந்து வானுக்கு ஏறும் படிவரிசை அது.

வெப்பப்படக் கருவி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்ற எண்ணம் தவறானது. அது காட்டுவது வெப்பத்தின் வேற்றுமையை மட்டுமே. கூரைக்கு அடியில் இருப்பவரைக் காட்டாது. நீருக்குள் இருப்பவரைக் காட்டாது. வெயிலில் காய்ந்த பாறையையும் படுத்திருக்கும் ஆளையும் பிரித்தறிவது நோக்கரின் வேலை. இந்த வேலையின் விலையும் சிறியதன்று. 2013 நவம்பர் 29 இரவு கிளாஸ்கோ நகரில் பணிமுடித்துத் திரும்பிய காவல் ஹெலிகாப்டர் ஒன்று மக்கள் கூடியிருந்த மதுவிடுதியின் கூரைமேல் விழுந்தது. விமானியும் இரு நோக்கர்களும் உட்படப் பத்துப்பேர் இறந்தனர். தொட்டியில் எரிபொருள் மிச்சமிருந்தது. அதை இயந்திரத்துக்கு அனுப்பும் பம்புகள் நிறுத்தப்பட்டிருந்தன என்று விசாரணை கண்டது.

*

வானின் கண்ணைப் பற்றித் தமிழில் எழுதும் ஒருவர் யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஈழத்தின் வடக்கில் ஹெலி என்ற சொல்லுக்குக் காவல் என்ற பொருள் இருந்ததில்லை. மேலிருந்து சுடுவது என்பதே பொருள். சத்தத்தைக் கொண்டு ஹெலியா பொம்மரா என்று பிரித்தறியவும், எத்தனை நொடியில் பதுங்குகுழிக்குள் இறங்கவேண்டும் என்று கணக்கிடவும் சிறுவர்கள் பழகியிருந்தனர். அதே வானில் 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் வந்து உணவுப் பொட்டலங்களை வீசின. கீழே இருந்தவர்களுக்கு இரண்டு இரைச்சலும் ஒன்றுபோலவே கேட்டிருக்கும். பொட்டலம் விழுந்தபிறகே வேறுபாடு தெரியும். மேலே இருப்பவர் நம்மைப் பார்க்கிறார் என்பது ஆறுதலா அச்சமா என்பதை ஊர்தி தீர்மானிப்பதில்லை. பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையிலான உறவே தீர்மானிக்கிறது.

*

இந்தியாவில் காவல் பணிக்கு உதவும் வான்பிரிவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது எல்லைப் பாதுகாப்புப் படையின் வான்பிரிவு. 1969 முதல் மத்திய உள்துறையின் கீழ் இயங்குவது. மாநிலங்களில் ஹெலிகாப்டர் என்பது பெரும்பாலும் முதலமைச்சரின் பயணத்தோடு சேர்த்தே நினைக்கப்படும் பொருள். கேரளக் காவல்துறை 2020இல் ஒன்றை வாடகைக்கு எடுத்தபோது, மாதம் 20 மணி நேரப் பறத்தலுக்கு 1.44 கோடி ரூபாயா என்ற கேள்வி எழுந்து பெரும் சர்ச்சையாயிற்று. தமிழகக் காவல்துறை வேறு வழியில் சென்றது. 2023 ஜூனில் சென்னை அடையாற்றில் ட்ரோன் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. ஓட்டுபவன் இல்லாத விண்ணூர்தியைப் புறநானூற்றின் 27ஆம் பாடல் புகழ்பெற்று மாண்டோர்க்கு உரியதாகச் சொல்லும். நம் காலத்தில் அது போக்குவரத்து நெரிசலைப் பார்க்க வந்துவிட்டது.

ஹெலிகாப்டர் விமானியாவதற்கு இங்கே இரு வழிகள். ஒன்று படைகளின் வழியாக. மற்றொன்று இயற்பியலும் கணிதமும் படித்து மேல்நிலைத் தேர்வில் தேறி, முதல்தர மருத்துவத் தகுதி பெற்று, பயிற்சிப் பள்ளியில் பறந்து, பதினெட்டு வயதுக்குமேல் வணிக விமானி உரிமம் வாங்குவது. இரண்டாம் வழியின் செலவைக் கேட்டால் தாமிரபரணிக் கரையின் வாழை விவசாயி திகைத்துப்போவார். ஆகவே படைகளின் வழியே பெரும்பாலோர்க்கு இயலும் வழி. அந்த வழி நம் மாநிலத்துக்குள்ளேயே ஓடுகிறது என்பது பலர் அறியாதது. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற தளத்தில் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் இருக்கும் கடற்படை வான்தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். பருந்து. தமிழகத்தின் இரு வான்தளங்களுக்கும் தமிழில் வழங்கும் பறவைப் பெயர்கள். இரண்டும் உயரத்திலிருந்து நிலத்தை வாசிக்கும் பறவைகள்.

நோக்கர் என்ற பதவியும் நம் நாட்டில் கடற்படையில்தான் தழைத்திருக்கிறது. அதற்கென்று கொச்சியில் தனிப்பள்ளி உண்டு. 2020 செப்டம்பரில் குமுதினி தியாகி, ரித்தி சிங் என்ற இரு பெண் அதிகாரிகள் அங்கே நோக்கர்களாகப் பயிற்சி முடித்து, போர்க்கப்பல்களிலிருந்து பறக்கும் ஹெலிகாப்டர்களில் பணியாற்றத் தகுதிபெற்ற முதல் பெண்கள் ஆயினர்.

*

இப்போது ஸ்ரீவைகுண்டத்துக்கு வரலாம். 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள், ஞாயிறு. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துச் சென்று, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியில் ஏறக்குறைய 800 பயணிகள். சுமார் 300 பேர் அருகிலிருந்த பள்ளிக்கு மாற்றப்பட்டனர். மற்றவர்களை மாற்றுவதற்குள் வழி மூடிக்கொண்டது.

கோவைக்கு அருகில் சூலூரிலிருந்து விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் வந்தது. கருவுற்ற ஒரு பெண்ணும் ஒன்றரை வயதுக் குழந்தையும் உட்பட நால்வரை மேலே ஏற்றி மீட்டது. உணவுப் பொட்டலங்கள் வீசப்பட்டன. கடற்படையின் ஹெலிகாப்டர்களும் மாவட்டத்தின் மேல் பறந்தன. மற்ற பயணிகள் 19ஆம் தேதி வெளியே கொண்டுவரப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்குச் சென்றனர்.

அந்த வீரர்களின் திறமைக்கும் துணிவுக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆயினும் வரலாற்றை எழுதுபவர் அந்த இரு நாட்களை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்தியது நிலைய அதிகாரியின் கண். ஹெலிகாப்டர் வருவதற்குள் பயணிகளுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் சுற்றியிருந்த ஊர் மக்கள். அவர்கள் வீடுகளிலும் தண்ணீர்தான். வண்டிக்குள் இருந்த கர்ப்பிணியைக் கண்டு சொன்னதும் தரையில் இருந்தவர்கள்தாம். எந்த வெப்பப்படக் கருவியும் ரயில்பெட்டியின் கூரையைத் துளைத்து அவளைக் கண்டிருக்காது.

அந்த நாளில் மேலிருந்து பார்த்தவருக்கு இந்த நிலம் எப்படித் தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. அதன் வடகால் பேய்க்குளம், கோரம்பள்ளம் எனக் குளங்களுக்கு நீரூட்டிச் செல்லும், தென்கால் கடம்பாகுளத்துக்கு. சாதாரண நாளில் ஆறு, கால், குளம், வரப்பு, வாழைத்தோட்டம், சாலை எல்லாம் தெளிவாகப் பிரிந்த கோடுகள். அன்று எல்லாம் ஒரே செம்பழுப்பு. சாலை எது, கால் எது என்று படத்திலிருந்து சொல்லிவிட முடியாது. ஜி.பி.எஸ். இடத்தின் எண்ணைத் தரும். அந்த இடத்தில் போன வாரம் பிரசவத்துக்கு வந்த மகள் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லாது. எந்தக் குளக்கரை முதலில் உடையும், உடைந்தால் நீர் எந்தத் தெருவில் புகும் என்பது நீர்ப்பாய்ச்சிக்குத் தெரியும், கிராமக் காவலருக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும். அவர்களில் எவரும் ஊர்தியில் இல்லை.

2018 கேரள வெள்ளத்தில் கடற்படை ஹெலிகாப்டர் இரு பெண்களை மீட்ட வீட்டின் மொட்டைமாடியில், பின்னர் நன்றி என்ற சொல்லை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தீட்டி வைத்திருந்தனர். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவருக்கு எழுதத் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டனில் காவல் வாகனங்களின் கூரைமேல் அடையாளக் குறிகள் எழுதப்பட்டிருக்கும், மேலிருந்து படிப்பதற்காக. நம் ஊர்களில் பள்ளிக்கூடத்தின், ஊராட்சி அலுவலகத்தின், ரயில் நிலையத்தின் கூரையில் ஊர்ப்பெயரை எழுதிவைக்க எவ்வளவு வண்ணம் செலவாகிவிடும்?

ஹெலிகாப்டர் வாங்குவதா ட்ரோன் வாங்குவதா என்ற விவாதம் நமக்கு இரண்டாவதாக வரவேண்டியது. விமானியை உருவாக்க ஆண்டுகளும் கோடிகளும் வேண்டும். அது படைகளால் இயலும். நோக்கரை உருவாக்க அவ்வளவு வேண்டியதில்லை. பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை ஆற்றோரக் காவல் நிலையம் ஒவ்வொன்றிலும், அந்த மண்ணில் பிறந்த ஆணோ பெண்ணோ, ஒருவரைத் தேர்ந்து, வான்படத்தை வாசிக்கவும், வானொலியில் சுருங்கச் சொல்லவும், சுழலும் ஊர்தியில் திசை தப்பாமல் இருக்கவும் பழக்கிவைக்கலாம். வெள்ளம் வரும் நாளில் சூலூரிலிருந்தோ உச்சிப்புளியிலிருந்தோ எந்த ஊர்தி வந்தாலும், அதில் ஏறி அமர்ந்து, அதோ அந்த இரண்டு பனைக்கும் நடுவில் தெரிவது சாலை, அதன் இடப்புறம் மூன்றாவது கூரைக்குக் கீழே ஆள் இருக்கிறார்கள் என்று சொல்ல ஒருவர் வேண்டும். பரண்மேல் இருந்தவளின் வேலைதான் அது. விசயையின் பொறியில் காலியாக இருந்த இடமும் அதுவே.